கம்ப்ளெயிண்ட் அக்கா

"சரியாயிடுச்சு" என்று அந்த அக்காவிடம் யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னால் தொலைந்தோம். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நம்மை ஒரு பார்வை பார்த்து, "சரியாயிடுச்சா, இல்லை இன்னும் வரலையா?" என்று கேட்பார். ரெண்டும் ஒன்றுதானே என்று நினைத்தவன் நான். இல்லை என்று எனக்குப் புரியவைக்க அவருக்கு ரொம்பக் காலம் பிடித்தது. அதற்குள் என் தலைமுடி பாதி கொட்டிவிட்டது.

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கிருந்தாலும் போன் போட்டுத் திட்டுவார். தொண்ணூறுகளில் மேற்கு மாம்பலத்தில், ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் நான் கார் ஷெட் வைத்திருந்தேன். எலக்ட்ரிக் வேலைதான் முக்கியம். அந்த வருஷங்களில் எங்கள் எல்லோருக்கும் அவர் 'கம்ப்ளெயிண்ட் அக்கா'. அதற்கு முன்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஒன்றில், போன் வேலை செய்யவில்லை என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லி, லைனைச் சோதித்துப் பார்க்கிற மேஜையில் இருந்தவர். விருப்ப ஓய்வில் வெளியே வந்துவிட்டார். ஏன் என்று கேட்டால், "டெஸ்ட் பண்ணினோம், ஓகேன்னு எழுத எனக்குக் கை வரலை" என்பார். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நானும் கிளறியதில்லை.

எங்கள் ஷெட்டுக்கு அவர் வந்ததே ஒரு கம்ப்ளெயிண்டோடுதான். ஒரு டாக்டருடைய வெள்ளைக் கார் ரிப்பேருக்கு நின்றிருந்தது. மத்தியானம் ஆனால் அதன் ஹாரன் தானாக அலற ஆரம்பித்துவிடும். எதிர் மாடியில் குடியிருந்தவர் இவர். படியிறங்கி வந்து, "மனுஷங்க தூங்க வேண்டாமா?" என்றார். நான் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னேன்: "செக் பண்ணிட்டோம்மா. இப்ப ஓகே."

அவ்வளவுதான். அந்த அம்மாள் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "ஓகேவா? சரி, பாக்கலாம்" என்றார்.

அன்றைக்கென்று பார்த்து வானம் மூடிக்கொண்டது. ஹாரன் வாயைத் திறக்கவில்லை. எனக்கு உள்ளூர சந்தோஷம். அவரோ ஷெட்டின் தகரக் கூரையையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து தெருமுனைக்குப் போய், இஸ்திரி வண்டிக்காரரிடம் கரி போட்ட பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தார். இந்த அம்மாளுக்கு என்ன ஆச்சு என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பெட்டியைக் காருக்குள் கொண்டுபோய் ஸ்டியரிங் பக்கத்தில் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் ஹாரன் அலறியதே ஒரு அலறல்! சந்தே வெளியே வந்துவிட்டது. "வந்திருச்சு! இப்பப் பாருங்க! இப்பப் பாருங்க!" என்று அந்தச் சத்தத்துக்கு மேல் கத்துகிறார், கையில் புகைகிற பெட்டியோடு. கூரை ஓரமாக வரும் மத்தியான வெயில் ஸ்டியரிங் மேல் விழுந்து, சூட்டில் உள்ளே இருந்த தகடு விரிந்து ஒட்டிக்கொள்கிறது, அதுதான் விஷயம். தகட்டை நிமிர்த்தினோம். மறுபடியும் பெட்டியைப் பிடித்துப் பார்த்து, ஹாரன் பேசாமல் இருந்த பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். வேலைக்கு வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை, வராதீர்கள் என்று சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை. காட்டன் புடவை மேல் ஒரு ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கைப்பையிலிருந்து ஒரு சின்ன பல்பையும் அதில் முடிந்த ரெண்டு ஒயரையும் எடுத்து வைப்பார். அதே பையில்தான் ஹேர்பின், சர்க்கரை வியாதி மாத்திரை, ஒரு டம்ளர் எல்லாம் இருக்கும். சர்க்கரை போடாத காபியை அந்த டம்ளரில்தான் குடிப்பார். பல்பு எரிகிறதா, அணைகிறதா என்று பார்த்தே கரண்ட் எங்கே நின்றுபோகிறது என்று கண்டுபிடித்துவிடுவார். ரிலே என்று ஒன்று உண்டு. சின்ன டப்பாவுக்குள் 'டிக்'கென்று ஒட்டி மோட்டாருக்குக் கரண்டை விடும், பிரிந்தால் நிறுத்தும். எக்ஸ்சேஞ்சில் அந்த 'டிக்'குகளுக்கு நடுவிலேயே வாழ்ந்தவர் ஆகையால், கார் ரிலே ஒன்று இருமினால்கூட அவருக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் அவருடைய பெருமை காதில் இல்லை, வாயில். வண்டி கொண்டுவருகிறவரிடம் நாங்கள் எல்லோரும் "எப்பலேர்ந்து சார் இந்தப் பிரச்சினை?" என்று கேட்போம். அவர் கேட்கிற கேள்வியே வேறு. "கடைசியா எப்ப ஒழுங்கா இருந்தது?" ஜனங்கள் முழிப்பார்கள். கெட்டுப்போன நாளை நினைவு வைத்திருப்பார்களே தவிர, நன்றாக ஓடிய நாளை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? அக்கா விட மாட்டார். அன்றைக்கு எங்கே போனீர்கள், யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், ஜன்னல் திறந்திருந்ததா, மழையா. கம்ப்ளெயிண்ட் சொல்ல வருகிறவன் பொய் சொல்வதில்லை, பாதிதான் சொல்கிறான் என்பது அவர் கட்சி. மீதிப் பாதியை வாங்காமல் பல்பைக் கையில் எடுக்க மாட்டார். அதைவிட முக்கியமாக, வந்த கோளாறைத் தன் கையால் மறுபடி வரவழைத்துப் பார்க்காமல் வண்டியை வெளியே விட மாட்டார்.

இதனால் நான் பட்ட பாடு இருக்கிறதே! கல்யாண வேலையாக தி.நகரிலிருந்து ஒருவர் வந்தார், மாப்பிள்ளையின் அப்பா. காரின் முன் விளக்கு திடீர் திடீரென்று அணைகிறது. ஷெட்டில் போட்டுப் பார்த்தால் ஜோராக எரிகிறது. நன்றாகத்தானே எரிகிறது, கொடுத்துவிடலாம் என்கிறேன் நான். அக்கா அவரிடம் போய், "உங்க வீட்டுல கனமானவங்க யாரு?" என்று கேட்டாரே பார்க்கலாம். கல்யாண வீட்டில் கேட்கிற கேள்வியா இது? மனுஷன் கத்திய கத்து பாண்டி பஜார் வரைக்கும் கேட்டிருக்கும். கடைசியில் அவருடைய தங்கையும் இன்னும் இரண்டு பேரும் ஆட்டோ பிடித்து வந்து, முணுமுணுத்துக்கொண்டே பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். விளக்கு டப்பென்று அணைந்தது. சீட்டுக்கு அடியில் போகிற ஒயர் நசுங்கியிருந்தது. முகூர்த்தத்துக்கு நான் போயிருந்தபோது அந்தத் தங்கைதான் என்னைத் தேடி வந்து கைநிறையத் தாம்பூலம் கொடுத்தார். அக்கா எங்கே, அவங்களையும் கூட்டிட்டு வரலையா என்று கேட்டார்.

மனுஷர்களையும் இப்படித்தான் பார்ப்பார். என் மனைவி தலைவலி போய்விட்டது என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். "போயிடுச்சா, இன்னும் வரலையா?" என்று ஆரம்பித்தார். "ஐயோ அக்கா, வரவே வேண்டாம், விடுங்க" என்று இவள் உள்ளே ஓடிவிட்டாள். நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. கேள்விக்குப் பதில் வராதது அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

இப்படிப்பட்டவரிடம்தான் அடையாறு காந்தி நகரிலிருந்து அந்த வெளிநாட்டுக் கார் வந்து சேர்ந்தது. அதன் சொந்தக்காரர் வளைகுடா நாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர். வரும்போது கூடவே கொண்டுவந்த, தேன் நிறத்தில் இவ்வளவு நீளமான கார். மற்ற வண்டிகளில் பட்டை, ஸ்பிரிங் இருக்கிற இடத்தில் இதற்கு நாலு மூலையிலும் காற்றுப் பைகள். ஒரு சின்ன மோட்டார் காற்றடித்து அவற்றை நிரப்பி வைக்கும். நிறுத்தி வைத்திருக்கும்போதுகூட காற்றுக் கொஞ்சம் இறங்கினால் தானே ஓடி நிரப்பிக்கொள்ளும். அப்பேர்ப்பட்ட வண்டி சனிக்கிழமை காலைகளில் பின்பக்கம் தரையோடு இறங்கி, நாய் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஓட்ட ஆரம்பித்து ரெண்டு குலுக்கல் குலுக்கினால் தானே எழுந்துவிடுகிறது. மற்ற நாளில் ஒரு குறையும் கிடையாது.

வண்டியைக் கொண்டுவந்த டிரைவர் ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு, சாவியை என் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டதும் மனுஷன் உடைந்துவிட்டார்.

"இன்னான்னு சொல்றதுக்கா? நான் நைட்ல வண்டிய எட்த்துகினு போய் குப்பத்துல மீன் கூடை ஏத்துறேன்றாரு ஐயா. அந்த வெயிட்டுலதான் பின்னாடி குந்திக்கினு கீதாம். சத்தியமா நான் தொடலக்கா. போன சனிக்கெழம டிக்கிய தொறந்து மோந்து பாத்தாரு. என் எதிர்லயே. மீன் நாத்தம் வருதான்னு மோந்து பாத்தாருக்கா!"

அக்கா தன் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். தன் டம்ளரை அவர் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அரை மணியில் சொந்தக்காரர் போன் பண்ணினார். "ஏற்கெனவே ஒரு இடத்துல காட்டிட்டேன். வண்டியில ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. நீங்களும் அதையே சொல்லிட்டா போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். மற்றது என்ன என்று எனக்குத் தெரியாதா? வேலை போகும். அது போனால்கூட வேறு வீடு பார்க்கலாம். ராத்திரியில் வண்டி திருடி மீன் ஏற்றினான் என்று பேர் வந்துவிட்டால் அடையாறு, பெசன்ட் நகரில் எந்த வீட்டில் சாவி கொடுப்பார்கள்? நாங்கள் 'ஓகே' என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனுஷன் திருடன். விஷயம் அவ்வளவுதான்.

சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்ததில் பின் பை ஒன்றில் மெதுவாக ஒரு குமிழி வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பியது. "கசிவுன்னு சொல்லிடலாம்க்கா, முடிஞ்சது."

"கசிவு ஞாயித்துக்கிழமையும்தான் இருக்கு. அன்னிக்கு மோட்டார் ஓடி ரொப்பிடுது. சனிக்கிழமை மட்டும் அது ஏன் ஓடலை? அதை அவர் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

அக்கா டிரைவரிடம் திரும்பி, "டிக்கியை மோந்து பாத்தாரா?" என்று கேட்டார். பிறகு தானும் டிக்கியைத் திறந்து, உள்ளே தலையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார். வெளியே வந்து, "வெள்ளிக்கிழமை இதுல என்ன வெப்பீங்க?" என்றார்.

"மயிலாப்பூர் கோயிலுக்குப் போவாங்கக்கா. வரசொல்ல பிரசாதம், சக்கரப் பொங்க தூக்கு. அத்த அம்மா டிக்கில வெச்சிடுவாங்க."

டிக்கி விரிப்பைத் தூக்கினால் ஒரு ஓரம் நெய்யும் வெல்லமும் ஊறிப் பிசுபிசுவென்று இருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி மோட்டாரின் ரிலே. டப்பாவைக் கழற்றினால் உள்ளே செத்துக் காய்ந்த எறும்புகள். ஒட்டுகிற இரண்டு முனைகளுக்கு நடுவில் எறும்பு மாட்டி நசுங்கினால் முனைகள் ஒட்டாது, மோட்டாருக்குக் கரண்ட் போகாது. வண்டி குலுங்கினால் உதிர்ந்துவிடும், மோட்டார் ஓடும். எக்ஸ்சேஞ்சிலும் இந்தச் சனியன் உண்டு என்றார் அக்கா. நான் துள்ளிக் குதித்தேன். அவர் குதிக்கவில்லை. "செத்த எறும்பு எந்த வண்டியிலதான் இல்லை? வரவழைச்சுக் காட்டணும்" என்றார்.

ரிலேயைச் சுத்தம் செய்து மாட்டினார். அன்று சாயங்காலம் வீட்டிலிருந்து அவரே நெய் வழிய சர்க்கரைப் பொங்கல் செய்து கொண்டுவந்தார். சர்க்கரை வியாதிக்காரி கையால் அப்படி ஒரு பொங்கல்! ஷெட்டுப் பையன்கள் கரண்டியோடு வந்துவிட்டார்கள். அடித்துத் துரத்திவிட்டு, தூக்கைச் சாய்த்து விரிப்பில் கொஞ்சம் வழியவிட்டு, டிக்கியை மூடினார். காலையில் போய்ப் பார்த்தால் கார் கம்பீரமாக நிற்கிறது. ஒரு எறும்பு கிடையாது.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அக்காவின் முகம் தொங்கிப் பார்த்தேன். காபி ஆறிப்போனது. டிரைவர் ஒரு ஓரமாக நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் வேறு அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா எழுந்து ஷெட்டுக்குள் அப்படியும் இப்படியும் நடந்தார். செருப்பு தரையில் ஒட்டி ஒட்டிப் பிய்ந்தது. திடீரென்று நின்று குனிந்து தரையைப் பார்த்தார். "நாம ஒரு கூமுட்டை! தினம் இந்தத் தரையை எதுல கழுவுறோம்?"

மண்ணெண்ணெயில்தான். ஆயிலும் மண்ணெண்ணெயும் ஊறிய தரையில் எறும்பு எப்படி வரும்?

போனை அவரே எடுத்தார். எடுத்ததும் பழைய பழக்கத்தில் "கம்ப்ளெயிண்ட்ஸ்" என்றார். அந்தப் பக்கம் சொந்தக்காரர் திகைத்திருக்க வேண்டும். "இன்னும் முடியலை சார். இங்க வரலை, உங்க வீட்டுல வரும். வண்டியை அனுப்பறேன். வெள்ளிக்கிழமை வழக்கம் போலக் கோயிலுக்குப் போங்க, பொங்கலை வழக்கம் போல டிக்கியில வெச்சுக் கொண்டாங்க. வந்ததும் டிரைவர்கிட்டேர்ந்து சாவியை வாங்கி நீங்களே வெச்சுக்கங்க. அவரை வீட்டுக்கு அனுப்பிடுங்க. சனிக்கிழமை காலையில நாங்க வர்றோம்." அவர் ஏதோ சொன்னார். "இதை நீங்க முதல்லயே செஞ்சு பாத்திருக்கலாம் சார்" என்றார் அக்கா. இவர் போனை வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

சனிக்கிழமை காலை என் மொபெட்டின் பின்னால் அக்காவை உட்கார வைத்துக்கொண்டு அடையாறு போனேன். வழியெல்லாம் அவர் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். வராமல் போய்விட்டால்? அந்த எண்ணம் எனக்கும் இருந்தது. கேட்டுக்கு வெளியே டிரைவர் நின்றிருந்தார். துவைத்த சட்டை, வாரிய தலை. உள்ளே வரவில்லை.

போர்டிகோவில் கார் உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் தரையோடு தரையாக.

வேட்டியும் பனியனுமாகச் சொந்தக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் சாவி. "என் தலகாணிக்கு அடியிலதான் இருந்தது" என்று அவராகவே சொன்னார். அக்கா கையை நீட்டிச் சாவியை வாங்கி டிக்கியைத் திறந்தார். விரிப்பு மேல் சாரை சாரையாக எறும்பு. சுவர் ஓரத்திலிருந்து டயர் ஏறி, உள்ளே வந்து, பொங்கல் வழிந்த இடம் வழியாக நேரே ரிலே டப்பாவுக்குள் போய்க்கொண்டிருந்தது. டப்பாவைக் கழற்றி முனைகளை அவருக்குக் காட்டினார். நடுவில் நசுங்கி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஹேர்பின்னால் தட்டிவிட்டு, பிரஷ்ஷால் துடைத்து மாட்டினார். சாவியைப் போட்டுத் திருப்பினார். 'டிக்.' மோட்டார் முனக ஆரம்பித்தது. காரின் பின்பக்கம் மெல்ல, மெல்ல எழுந்து நின்றது. எத்தனையோ வண்டியைப் பார்த்தவன் நான், எனக்கே கண் கலங்கிவிட்டது.

"அட, எறும்பா!" என்று சொந்தக்காரர் சிரித்தார். "ரொம்ப தேங்க்ஸ்மா. பை ஒண்ணு மாத்தணும்னா மாத்திடுங்க. அப்ப, எல்லாம் ஓகே."

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"காரைப் பத்திச் சொன்ன கம்ப்ளெயிண்ட் முடிஞ்சது. இன்னொருத்தரைப் பத்தி ஒண்ணு சொல்லியிருக்கீங்களே?"

"அவனா... அவன்கிட்ட நான் பேசிக்கறேன்மா."

"டிக்கியை மோந்து பாத்தீங்களாமே சார். அவ்வளவு நெய் இருக்கு. உங்க வீட்டு நெய். அந்த வாசனை உங்களுக்கு வரலையா?"

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நான் அக்காவின் புடவை ஓரத்தை இழுக்காத குறை. அவர் அதைக் கவனிக்கவில்லை. கைப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, போர்டிகோ படியில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு என் ஷெட்டில் டயர் மேல் உட்கார்ந்தாரே, அதே உட்கார்தல். பதில் வரும்வரை எழுந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். சொந்தக்காரருக்குத் தெரியாது. அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். அக்கா டம்ளரை எடுத்து, வீட்டு அம்மாவிடம் கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கி, மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அவசரமே இல்லை.

கடைசியில் அந்த மனுஷர் அக்காவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கேட்டுவரைக்கும் நடந்து போனார். செருப்புக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. கேட்டைத் திறந்தார்.

"உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்ப்பா. நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது" என்றார். எங்கள் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னார்.

டிரைவர் உடனே சாவியை வாங்கவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அப்புறம் வாங்கிக்கொண்டு, "இனிமே பொங்க தூக்க என் காலாண்ட வெச்சிக்கிறேன் சார்" என்றார். உள்ளே வந்து, டிக்கியில் இருந்த எறும்புகளைத் துணியால் தட்ட ஆரம்பித்தார். அப்போதுதான் அவர் தோள் குலுங்கியது.

அக்கா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்.

"வாங்க, கிளம்பலாம்" என்றார் என்னிடம். "இப்ப சரியாயிடுச்சு."